மெட்டில்டாவின் பதவுரை

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. நவீன அமெரிக்கக் கவிஞர் ஒருவரை விமரிசகர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்று ஒரு கருத்தரங்குக்கு எழுதித் தரச் சொன்னார்கள். இருபது பக்கம், அடிக்குறிப்புகள் தனி. மூன்று மாதம் படித்தேன். கவிஞர் கொஞ்சமாகத்தான் பேசியிருந்தார். அவரைப் பற்றி எழுதியவர்கள்தான் ஓயாமல் பேசியிருந்தார்கள். கவிதை எது, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் கருத்து எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியாமல் போனது. நான்காம் பக்கத்தில் கட்டுரை நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில், எரிச்சலோடு, பென்சிலால் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "இதையெல்லாம் ஒரு நர்ஸிடம் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?" அப்போது நான் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். நர்ஸ் வந்தது அப்படித்தான்.

ஆகவே இந்தக் கதையில் வரும் அமெரிக்கக் கவிஞர் என் கற்பனை. ஹெஸ்டர் மாப்லின் என்று பெயர் வைத்திருக்கிறேன். நூலகத்தில் தேட வேண்டாம். அவர் கவிதையும் நான் எழுதியதுதான். அவரைப் பற்றிய விமரிசனங்களும் நான் எழுதியவையே, அவற்றை எழுதும்போது வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

2

"1936 ஜனவரி. பனி மூடிய மைசூர் நகரத்தின் —"

வேண்டாம். பனியில் தொடங்கினால் அரண்மனை வரும், அரண்மனைக்குப் பின்னால் யானை வரும். யானை வந்த பிறகு ஒரு நர்ஸை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

"பேராசிரியர் லிங்கப்பன் விஷயம் தெரியாத ஒரு —"

இதுவும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவரைப்பருப்பில் தொடங்குகிறேன்.

மைசூர் லஷ்கர் மொஹல்லாவில், அமலதாஸ் வீட்டுச் சமையலறையில், ஒரு வியாழக்கிழமை மாலை இரண்டு பெண்கள் ஊறிய அவரைப்பருப்பைத் தோல் நீங்கப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அமலதாஸின் மனைவி ஜேன். இன்னொருத்தி அவன் தங்கை மெட்டில்டா. முப்பத்தொரு வயது, கல்யாணமாகவில்லை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பத்து வருடமாக நர்ஸ். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அவள் அழுத்தினால் பருப்பு பாத்திரத்தைத் தவிர வேறெங்கும் விழாது. ஜேன் பிதுக்கியது அடுப்புவரை போகும்.

அமலதாஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியன். அவனுடைய பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஐந்து மணிக்கு ஒரு வாசகர் சபை கூடும். அதன் தலைவர் கல்லூரிப் பேராசிரியர் லிங்கப்பன். லண்டனில் படித்தவர். அந்தச் சனிக்கிழமை அவர் ஹெஸ்டர் மாப்லினைப் பற்றி இருபத்து மூன்று பக்கக் கட்டுரை வாசிக்கப் போகிறார். அதற்கு முன் கவிதையைச் சபையில் படித்துக் காட்டும் பொறுப்பு, குரல் நன்றாக இருப்பதால், அமலதாஸுக்கு வந்திருந்தது. அவன் சமையலறை வாசலில் நின்று ஒத்திகை பார்த்தான். ஆங்கிலத்தில்தான் படித்தான். நான் தமிழில் தருகிறேன்:

முதலில் பாதி.
உன்னை என் பக்கம் அழைக்கிறேன்,
வருகிறாய், உன் எடை முழுவதும்.
உனக்குப் பின்னால் பழையது சுருள்கிறது,
புதியது விரிகிறது.
ஒரு மேட்டைத் தாண்டு.
இனி மறுபாதி.
நீ எழவே இல்லை,
எல்லாம் மாறிவிட்டது.

அமலதாஸ் கடைசி வரியில் குரலைத் தாழ்த்தி நிறுத்தினான். மெட்டில்டா பருப்பிலிருந்து கையை எடுக்காமல் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"நல்லாயிருக்குண்ணா. பெட்ஷீட் மாத்துறாங்க."

[இந்த இடத்தில் கட்டுரைக்காரன் குறுக்கிட வேண்டியிருக்கிறது. 1924-இல் இந்தக் கவிதை வெளிவந்தபோது சிகாகோப் பத்திரிகை ஒன்று, இது கவிதையில்லை, பால்காரனுக்கு எழுதிவைத்த சீட்டு என்றது. பாஸ்டனில் ஒருவர் இதில் ஒரு தாம்பத்தியம் முறிவதைப் பார்த்தார். லண்டன்காரர் ஒருவருக்கு இரண்டு பாதிகளும் அமெரிக்காவின் வட மாநிலங்கள், தென் மாநிலங்கள் என்று பட்டன, நடுவிலிருந்த மேடு உள்நாட்டுப் போர். ஒரு பாதிரியார் ஞானஸ்நானம் என்றார். மனோதத்துவ டாக்டர் ஒருவர் பிரசவம் என்றார், அவர் மட்டும் ஆஸ்பத்திரிவரை வந்தார், வார்டு மாறிப் போய்விட்டார்.]

அமலதாஸ் புத்தகத்தை மூடினான். பேராசிரியரின் கருத்துப்படி இது ஆன்மா ஒரு பிறவியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைச் சொல்லும் கவிதை என்றும், மேடு என்பது மரணம் என்றும், லண்டன் பத்திரிகை ஒன்று கட்டுரையை அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கிறது என்றும் விளக்கினான். மெட்டில்டா அடக்கமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, எழ முடியாத நோயாளியைக் கட்டிலில் வைத்துக்கொண்டே விரிப்பு மாற்றும் முறையைச் சொன்னாள். ஒரு நர்ஸ் நோயாளியைத் தன் பக்கம் ஒருக்களித்துப் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி பழைய விரிப்பை அவர் முதுகுவரை சுருட்டி, காலியான பாதியில் புதியதை விரிப்பாள். சுருட்டியது நடுவில் வரப்பு மாதிரி நிற்கும். நோயாளி அதைத் தாண்டி அந்தப் பக்கம் புரள்வார். பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துவிட்டால் முடிந்தது.

"அப்பா படுத்திருந்தப்ப நானும் அண்ணியும் தினம் ரெண்டு தடவை பண்ணினோமே. நீ பாக்கலையா?"

அமலதாஸ் பார்த்ததில்லை. அப்போதெல்லாம் அவனைக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அல்லது அவனே போய்விடுவான்.

அவன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பிறகு, இந்தச் சனிக்கிழமை நீ சபைக்கு வர வேண்டாம் என்றான். அவனுக்குத் தலைமையாசிரியர் வேலை வருவதற்கு லிங்கப்பனின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். கேட்டிருக்கிறான், இன்னும் வரவில்லை.

3

மெட்டில்டா போனாள்.

ஏன் போனாள் என்பதில் எனக்கே சந்தேகம் இருந்தது. நான் எழுதிய முதல் படியில் அவள் உண்மையை நிலைநாட்டப் போனாள். படித்துப் பார்த்தால் தேர்தலுக்கு நிற்பவள் மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன். இரண்டாவது படியில் ஜேன் வற்புறுத்தியதால் போனாள். அது பாதி நிஜம். ஜேனுக்குச் சபையில் தரும் காப்பி பிடிக்கும்.

மீதிப் பாதி இது. மெட்டில்டா இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு வாங்கியவள். அந்த வருடம் வீட்டில் ஒருவரைத்தான் பி.ஏ. படிக்கவைக்க முடியும் என்றானபோது அண்ணன் போனான். அவள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் படித்தவர்கள் கூடிய இடத்தில் தான் சொன்னது சரி என்று ஒரு தடவையாவது ஆக வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. நல்ல ஆசை என்று சொல்ல மாட்டேன். அதை வைத்த பிறகுதான் அவள் எனக்கு நம்பும்படி வந்தாள்.

இப்போது லிங்கப்பன். விமரிசகரை அசடாகக் காட்டுவது கதை எழுதும் எங்களுக்குக் கைவந்த வேலை. மூன்று படிகளில் அப்படித்தான் எழுதினேன். ஜரிகைத் தலைப்பாகை, கோட்டுப் பையில் தங்கச் சங்கிலிக் கடிகாரம், பேச்சுக்கு நடுவில் லத்தீன். பிறகு, ஒரு மனிதர் ஒன்பது வரிகளைப் பதினோரு வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் சும்மா இருக்காதே என்று தோன்றியது. அவரிடமே கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளேகாலில் பட்டு வியாபாரம் செய்யும் வீடு. அந்தக் குடும்பத்திலிருந்து கடல் கடந்த முதல் ஆள் அவர். 1925-இல் லண்டனில் இருந்தபோது அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. சாகும்முன் அம்மா இரண்டு மாதம் படுக்கையில் இருந்தாளாம். பையன் படிப்பு கெடும் என்று வீட்டில் யாரும் அதுவரை எழுதவில்லை. கப்பலில் ஏறினாலும் பிரயோஜனம் இல்லை. அந்த வாரம் தெருவோரப் பழைய புத்தகக்காரரிடம் மாப்லினின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நீ எழவே இல்லை, எல்லாம் மாறிவிட்டது. நின்ற இடத்திலேயே மூன்று தடவை படித்தார். அம்மா ஒரு மேட்டைத்தான் தாண்டியிருக்கிறாள் என்று நினைத்த பிறகு அன்றைக்குச் சாப்பிட முடிந்தது.

இது சபையில் யாருக்கும் தெரியாது. மெட்டில்டாவுக்கும் தெரியாது. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ரகசியமாக வைத்திருந்தால் கதை இன்னும் இறுக்கமாக இருந்திருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். அடுத்து வரும் காட்சியில் நீங்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறீர்கள், தெரிந்துகொண்டே சிரியுங்கள் என்றுதான் சொன்னேன்.

4

கட்டுரை ஒரு மணி நேரம் போயிற்று. நன்றாகவே எழுதியிருந்தார். முடித்ததும் வழக்கம்போல, யாருக்காவது அபிப்பிராயம் உண்டா என்று கேட்டார். வழக்கம்போல யாருக்கும் இல்லை. காப்பி வந்துகொண்டிருந்தது.

அப்போது அவர் கடைசி வரிசையைப் பார்த்து, ஆங்கிலத்தில், அமலதாஸின் சகோதரி கவிதை படிக்கப்பட்டபோது புன்னகைத்ததைக் கவனித்தேன், காரணம் தெரிந்துகொள்ளலாமா என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

அமலதாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

மெட்டில்டா எழுந்தாள். ஒன்றுமில்லை சார் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். அப்படியும் எழுதிப் பார்த்தேன், கதை அங்கேயே காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது.

"அது படுக்கை விரிப்பு மாத்துறது சார்," என்றாள். "நோயாளியை எழுப்பாம மாத்துற முறை. வரிக்கு வரி அப்படியே இருக்கு."

யாரோ சிரித்தார்கள். லிங்கப்பன் சிரிக்கவில்லை. ஒன்பது வரிகளில் எந்த வரி எதைச் சொல்கிறது என்று பதவுரை சொல்ல முடியுமா என்று கேட்டார். சொல்வதைவிடச் செய்து காட்டுவது சுலபம் என்றாள் அவள். நோயாளியாக யாராவது வேண்டும். அமலதாஸ் இருந்த திசைக்கே அவள் பார்வை போகவில்லை.

லிங்கப்பன் கடிகாரத்தை எடுத்து மேசையில் வைத்தார். தலைப்பாகையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். மண்டபத்தின் நீளமான தேக்கு மேசையில், அதன் பச்சை விரிப்பின் மேல், மல்லாந்து படுத்தார். பரிசளிப்பு விழாவுக்கு வைத்திருந்த வெள்ளை விரிப்பை ஜேன் அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். முப்பது பேர் காப்பி டம்ளரோடு சுற்றி நின்றார்கள்.

"முதலில் பாதி," என்றாள் மெட்டில்டா. அவர் கையை மார்பில் மடித்துவைத்து, தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்துத் தன் பக்கம் திருப்பினாள். கனமான மனிதர். முழு எடையும் அவள் கைகளில் வந்து நின்றது. பின்னால் ஜேன் பச்சை விரிப்பைச் சுருட்டி வெள்ளையை விரித்தாள்.

மெட்டில்டா அவரைப் பிடித்துக்கொண்டே பேசினாள். "எழுதினவங்க முன்னாடி நிக்கிற நர்ஸ் சார். பின்னாடி நிக்கிறவங்க கண்ணு துணியிலதான் இருக்கும். முன்னாடி நிக்கிறவங்கதான் எடையை வாங்குவாங்க. அதனாலதான் எடை முழுவதும்னு எழுதியிருக்காங்க. அது தெரியாம எழுத முடியாது."

"சார், ஆடாதீங்க, சும்னே இருங்க," என்றாள் ஜேன், கன்னடத்தைக் கலந்து.

அவர் மேட்டைத் தாண்டிப் புரண்டார். ஜேன் பச்சையை உருவினாள். வெள்ளையை இரண்டு இழுப்பில் சரிசெய்தார்கள். லிங்கப்பன் வெள்ளை விரிப்பின் மேல் படுத்திருந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

முப்பது பேரில் பாதிப்பேர் கைதட்டினார்கள். அவர் எழவில்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் தானாக நின்றது. மெட்டில்டா, தான் சரி என்று ஆகிவிட்ட அந்த நிமிடத்தில், குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மிணி," என்றார் லிங்கப்பன். இத்தனை வருடத்தில் அந்தச் சபையில் அவர் கொள்ளேகால் பேச்சுப் பேசி யாரும் கேட்டதில்லை. "எங்கம்மா ரெண்டு மாசம் படுக்கையில கெடந்தாங்க. அவங்களுக்கும் யாரோ இப்படித்தான் மாத்தியிருப்பாங்களா?"

"ஆமாங்க சார். மாத்தாம இருக்க முடியாது. தினமும் பண்ணியிருப்பாங்க."

"தினமுமா?"

"ரெண்டு தடவையாவது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இன்னொருக்கா பண்ணுங்க," என்றார்.

இன்னொரு தடவை செய்தார்கள். இந்த முறை பச்சை வந்தது.

5

நான் முதலில் இங்கேயே முடித்திருந்தேன். மேசைமேல் பேராசிரியர், சுற்றிலும் ஆறிப்போகும் காப்பி. அழகான முடிவு. ஆனால் மெட்டில்டா அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது சொன்னது என்னை உறுத்தியது. ஜெயித்த மாதிரி இல்லை அண்ணி, அவர்கிட்டேயிருந்து எதையோ எடுத்துட்டேன் என்று லஷ்கர் மொஹல்லா திருப்பத்தில் சொன்னாள். அவளை அந்தத் திருப்பத்தில் விட்டுவிட்டு நான் பேனாவை மூடுவது நியாயமில்லை.

ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, அவள் வார்டு வாசலில் லிங்கப்பன் நின்றார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கொள்ளேகால் போய்விட்டு வந்திருக்கிறார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

அக்கா சாமியாத்தாளிடம், அம்மாவுக்குப் படுக்கை எப்படி மாற்றினீர்கள் என்று கேட்டாராம். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்து, "பதினோரு வருசங் கழிச்சு இதக் கேக்கறதுக்கா பஸ் ஏறி வந்தே?" என்றாளாம். பிறகு பக்கத்து வீட்டு மாதம்மாவைக் கூப்பிட்டாள். அம்மாவை முன்னால் பிடித்தது அக்கா, பின்னால் சுருட்டியது மாதம்மா. இரண்டு பேரும் அவருக்கு நடித்தே காட்டியிருக்கிறார்கள். அம்மா ஒவ்வொரு தடவையும் திட்டுவாளாம், நானென்ன சேலையாடி, இப்படி மடிச்சு மடிச்சு வெக்கறீங்க என்று. கடைக்கு வந்த சேலைகளை ஆயுசு முழுக்க மடித்தவள். அவள் திட்ட, இவர்கள் சிரிக்க, கடைசியில் அவளும் சேர்ந்து சிரிப்பாளாம். மூன்று பேரும் சிரித்து முடிக்காமல் விரிப்பு மாறாதாம்.

"அந்த ரெண்டு மாசத்துல எங்கம்மா சிரிச்சாங்கன்னு எனக்கு இத்தனை வருசமாத் தெரியாதுங்க," என்றார் லிங்கப்பன். "நான் அவங்களை ஆத்மாவாவே வெச்சுட்டேன்."

மெட்டில்டா அவருக்கு உட்கார ஒரு ஸ்டூல் போட்டாள். உங்க கட்டுரையும் தப்பில்லைங்க சார் என்று ஆரம்பித்தாள். அவர் கையை அசைத்து நிறுத்தினார். கட்டுரையில் ஒரு வார்த்தைகூட மாற்றப் போவதில்லை என்றார். ஆனால் அவளுடைய பதவுரையை அரைப்பக்கத்தில் எழுதித் தந்தால், அவள் பெயரோடு கடைசியில் சேர்த்து அனுப்புவார். போகும்போது அமலதாஸிடம் கொடுக்கச் சொல்லி ஓர் உறையை நீட்டினார். சிபாரிசுக் கடிதம் முன்பே எழுதியாயிற்று, சனிக்கிழமைக் குழப்பத்தில் கொடுக்க மறந்துவிட்டேன் என்றார்.

6

லண்டன் பத்திரிகை மே மாதம் வந்தது. இருபத்து மூன்று பக்கக் கட்டுரையை இடப்பற்றாக்குறையால் வெளியிட இயலவில்லை என்று ஆசிரியர் வருந்தியிருந்தார். அரைப்பக்கப் பதவுரையை மட்டும் போட்டிருந்தார்கள். கீழே, மிஸ் மெட்டில்டா, நர்ஸ், மைசூர்.

அமலதாஸ் பத்திரிகையை ஒளித்துவைத்துவிடலாமா என்று யோசித்தான். லிங்கப்பன் தானே ஒரு பிரதி வரவழைத்துச் சபையில் உரக்கப் படித்தார். படித்துவிட்டு, என் முன்னுரை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது என்றார். அன்று சபையில் இருந்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் —

(நான் அங்கே இல்லை. இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன்.)

அதன் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். ஹெஸ்டர் மாப்லினுக்கே கடிதம் எழுதினார்கள். நர்ஸ் சொல்வது சரியா, பேராசிரியர் சொல்வது சரியா என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எழுதி அடித்துவிட்டார்கள். மேசைமேல் நடந்ததையும், கொள்ளேகாலில் அக்கா சொன்னதையும் உள்ளபடி எழுதினார்கள். லிங்கப்பன் ஆங்கிலத்தைத் திருத்தினார், அவர் போட்ட லத்தீனை மெட்டில்டா எடுத்துவிட்டாள்.

செப்டம்பரில் பதில் வந்தது.

அந்தக் கடிதத்தை நான் நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மாப்லின் யுத்த காலத்தில் பிரான்ஸில் நர்ஸாக இருந்தவர். மெட்டில்டா ஜெயிக்கிறாள், எனக்குச் சலித்துவிட்டது. இன்னொன்றில் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை, ரொட்டி மாவு உருட்டும்போது தோன்றிய கவிதையாம். மூன்றாவதில் பேராசிரியருக்குச் சாதகமாக ஆன்மா, மேடு, எல்லாம். அதை எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்தது. நான்காவதில் மாப்லின் செத்துப்போய், வக்கீல் பதில் எழுதுகிறார். இவ்வளவு சந்தோஷமாக வந்த கதைக்கு அது என்ன அநியாயம்.

கடைசியில் கடிதத்தை விட்டுவிட்டு, அதைப் படிப்பவர்களை எழுதினேன்.

சனிக்கிழமை, சபை கூட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. உறையின் மேல் மெட்டில்டாவின் பெயர் இருந்ததால் அவளைத்தான் பிரிக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு தாள். நின்றபடியே படித்தாள். பாதியில் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. முழுதும் படிக்கும்முன் சிரிப்புத் தாங்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என்ன, என்ன என்று ஜேன் கேட்டாள். அவளால் சொல்ல முடியவில்லை. தாளை லிங்கப்பனிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். படித்தார். முதல் பத்தியில் அவர் புருவம் ஏறியது. இரண்டாவதில் உதடு இழுத்துக்கொண்டது. பிறகு அந்தக் கனமான மனிதர், மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அவளைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

அந்த இருவரையும் ஒன்றாகச் சிரிக்கவைத்த கடிதம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. என் நான்கில் எதுவும் இல்லை. மெட்டில்டாவையும் தோற்கடிக்கக் கூடாது, லிங்கப்பனையும் தோற்கடிக்கக் கூடாது, ஒரு தாளுக்குள் முடிய வேண்டும். நீங்கள் எழுதிப் பாருங்கள். ஜேன் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அமலதாஸ் மொழிபெயர்த்துச் சொல்லக் காத்திருக்கிறான். சபைக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சீக்கிரம்.